அம்மாவோட புறவாசல் தரை

கார்த்திகை மாசக் கடைசில ஒருநாள் காலைல அஞ்சரை மணிக்கு அம்மா புறவாசல்ல வழுக்கி விழுந்துட்டா. வாளிய விட்டுட்டு கைய ஊணிட்டதால இடுப்பு தப்பிச்சுது, வலது மணிக்கட்டு வீங்கிப்போச்சு, எக்ஸ்ரே எடுத்ததுல எலும்புல ஒண்ணுமில்லன்னு சொன்னாங்க, மூணு வாரம் கட்டு. ஆஸ்பத்திரில இருந்து ஆட்டோல வரும்போது அம்மா சொன்னா, "தரை என்னட்டி செய்யும், நாந்தான் பாத்து காலு வச்சிருக்கணும்." அந்த வார்த்தைய என்னால தாங்க முடியல. எழுபத்திரெண்டு வயசு மனுஷி தன் சொந்த வீட்டுப் புறவாசல்ல பயந்து பயந்து காலு வைக்கணுமா? அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இந்தத் தரைய நானே சரி பண்றதுன்னு. தரை வேலை நடந்தது 2025 தை மாசம், எழுத இப்பதான் நேரம் கிடைச்சுது. செஞ்சது எல்லாத்தையும் எழுதுறேன், உங்க வீட்லயும் இப்படி ஒரு பழைய சிமெண்ட் தரை இருந்தா உதவும்.

எங்க வீடு திருநெல்வேலில, அப்பா 1979ல கட்டினது. புறவாசல் 14 அடிக்கு 11 அடி, ஒரு பக்கம் துவைக்கிற கல்லு, அதையொட்டி அங்கணம், அதாவது பொழங்கின தண்ணி வெளிய போற இடம், அந்தப் பக்கம் துளசி மாடம். அடில செங்கல் ஜல்லி போட்டு இடிச்சு, அதுக்கு மேல ஒரு இஞ்ச் சிமெண்ட் பூச்சு, அவ்வளவுதான் தரை. அப்போ சிமெண்ட் கடைல போய் இஷ்டத்துக்கு வாங்க முடியாது, கண்ட்ரோல் காலம், பெர்மிட் வாங்கணும். 1982ல தான் பாதிக் கட்டுப்பாட்ட எடுத்தாங்க, முழுசா எடுத்தது 1989ல. இங்க பக்கத்துல தாழையூத்துல 1949லேருந்து சிமெண்ட் ஆலை ஓடுது, ஆனா எங்கப்பா அஞ்சு மூட்டை பெர்மிட்டுக்கு அலையா அலைஞ்சிருக்கார். வீட்டுக்குள்ள ரெட் ஆக்சைடு தரைக்கும் கூரைக்கும் போக மிச்சம் இருந்த சிமெண்ட வச்சு மணல கூடக் கலந்து புறவாசல போட்டோம்னு அப்பாவே சொல்லுவார். அப்படிப் போட்ட தரை நாப்பத்தஞ்சு வருஷம் உழைச்சிருக்குன்னா அத நான் குறை சொல்ல மாட்டேன். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துல எங்க தெருவுக்குள்ள ஆத்துத் தண்ணி வந்து புறவாசல்ல முழங்கால் அளவு நின்னுச்சு, அதுக்கப்புறம்தான் தரை ரொம்ப மோசமாச்சு. மேல் பூச்சு பொரிஞ்சு மணல் மணலா உதிருது, சுவரோரமா வெள்ளையா உப்பு பூக்குது, பள்ளத்துல தண்ணி நின்னு கருப்பா பாசி, மூணு வெடிப்பு.

கேட்டவங்க எல்லாரும் சொன்னது ஒண்ணுதான், "டைல்ஸ் ஒட்டிருங்க." ஒருத்தர் வந்து அளந்து பாத்துட்டு முழுசா ஒடைச்சு அள்ளிட்டு புதுசா கான்கிரீட் போட்டு டைல்ஸ் ஒட்டணும்னு ஒரு பெரிய தொகை சொன்னார், இன்னொருத்தர் ஒடைக்கவே வேண்டாம், இருக்கிற தரை மேலயே ஒட்டிரலாம்னார். ரெண்டாவது ஆள் சொன்னது ரொம்பத் தப்பு. அடில உள்ள பூச்சு விட்டுப்போயிருந்தா அது மேல எத ஒட்டினாலும் அதுவும் சேந்துதான் கெளம்பும். டைல்ஸே போடாதீங்கன்னு நான் சொல்லல, தரைய ஒருதடவை தட்டிப் பாக்காம போடாதீங்கன்னு சொல்றேன்.

தட்டிப் பாக்குறது எப்படின்னு சொல்லிக்குடுத்தது பக்கத்து தெரு கொத்தனார் அண்ணாச்சி. எழுபது தாண்டியாச்சு, முழங்கால் வலி, இப்போ வேலைக்குப் போறதில்ல. "ராத்திரி சத்தம் அடங்கின பொறவு சுத்தியல் காம்பால தட்டிக் கேளு தாயி, தரையே சொல்லும்"னார். பத்து மணிக்கு மேல டார்ச்சும் பள்ளிக்கூட சாக்பீஸும் எடுத்துட்டு உக்காந்தேன். நல்லா பிடிச்சிருக்கிற இடத்துல தட்டினா "டக் டக்"னு கெட்டியா கேக்கும், அடில விட்டுப்போன இடத்துல "டொப் டொப்"னு பொந்துச் சத்தம் வரும், ஒருதடவை வித்தியாசம் பிடிபட்டுட்டா அப்புறம் கண்ண மூடிட்டே சொல்லிரலாம். அம்மா கட்டுப்போட்ட கையோட படில உக்காந்து பாத்துட்டு இருந்தவ, நான் துவைக்கிற கல்லுகிட்ட தட்டினதும் "ஏட்டி அங்கன காலிக் குடத்த தட்டுன மாதிரில்லா கேக்கு"ன்னா. உண்மைதான். சாக்பீஸால வட்டம் போட்டுட்டே போனேன், முடிச்சுட்டு எந்திரிச்சுப் பாத்தா அங்கணத்துப் பக்கம் முழுக்க ஒரே கோடு, கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு தரை. சுவர்ப் பக்கம் துளசி மாடத்தச் சுத்தி எல்லாம் கெட்டியா இருந்துச்சு. முழுசா ஒடைக்கணும்னு சொன்ன ஆள் இந்தத் தரைய ஒரு தட்டு தட்டிப் பாக்கல.

அடுத்து, ஏன் அந்தப் பக்கம் மட்டும் விட்டுப்போச்சுங்கிற கேள்வி. காரணத்த கண்டுபிடிக்காம மேல பூசினா ரெண்டு வருஷத்துல திரும்ப இதே வேலைதான். இதுக்கு ஒரு சுலபமான சோதனை இருக்கு, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலிதீன் ஷீட்ட காஞ்ச தரைல விரிச்சு நாலு பக்கமும் டேப் போட்டு காத்து போகாம ஒட்டி, ஒரு ராத்திரி பூரா, கொறஞ்சது 16 மணி நேரம் விடணும். எடுத்துப் பாக்கும்போது ஷீட்டுக்கு அடில வேர்த்திருந்தா தரைக்கு அடில இருந்து ஈரம் ஏறுதுன்னு அர்த்தம். நான் மூணு இடத்துல ஒட்டினேன், துளசி மாடத்துகிட்ட காஞ்சு கெடந்துச்சு, நடுவுல லேசா ஈரம், துவைக்கிற கல்லு பக்கத்துல ஷீட்டுக்கு அடில முத்து முத்தா தண்ணி. தோண்டிப் பாத்தா குழாய் ஜாயின்ட்ல ஒழுக்கு. கல்லுக்கும் தரைக்கும் நடுவுல உள்ள வெடிப்பு வழியா சோப்புத் தண்ணியும் வருஷக்கணக்கா உள்ள போயிருக்கு. பிளம்பர் வந்து அரை மணி நேரத்துல ஜாயின்ட்ட மாத்திட்டுப் போனார். இத மட்டும் செஞ்சிட்டு ரெண்டு வாரம் தரைய காய விட்டேன், பொங்கல் லீவு வரைக்கும்.

சுத்தம் பண்றதுல ரெண்டு விஷயம் சொல்லணும். வெள்ளை உப்ப மொதல்ல தண்ணி ஊத்திக் கழுவாதீங்க, உப்பு கரைஞ்சு திரும்ப உள்ளதான் போகும், காஞ்ச தரைல கம்பி பிரஷ் போட்டுத் தேச்சு கூட்டி அள்ளிட்டு அப்புறம் கழுவணும். பாசிக்கு பிளீச்சிங் பவுடர் கரைச்சு ஊத்தி பதினஞ்சு நிமிஷம் விட்டுத் தேச்சா போதும். ஹார்டுவேர் கடைல ஆசிட் வாங்கிட்டுப் போங்க, ஒரே ஊத்துல பளிச்னு ஆயிரும்னாங்க, நான் வாங்கல. ஆசிட் அழுக்க மட்டும் பாத்து எடுக்காது, சிமெண்டையும் சேத்துத் தின்னும், ஏற்கெனவே மணலா உதிர்ற தரைக்கு அது கெடுதல். இன்னொண்ணு, பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்துல ஆசிட் பட்டா குளோரின் வாயு வரும், மூச்சு முட்டும், உயிருக்கே ஆபத்து. வீட்ல யாரும் தெரியாமக்கூட ரெண்டையும் சேத்து ஊத்திரக் கூடாது, தயவுசெஞ்சு ஞாபகம் வச்சுக்கோங்க.

அப்புறம் கொத்துற வேலை. உண்மையான உழைப்பு இதுலதான். அங்கணத்துப் பக்கம் சாக்பீஸ் போட்ட பூச்சு முழுக்க உளியும் சுத்தியலும் வச்சு எடுத்தேன், விட்டுப்போன இடம் அப்பளம் மாதிரி பெருசு பெருசா வந்துருச்சு. நல்லா இருக்கிற பக்கத்துல மேல உள்ள உதிர்ற பொரிய எடுத்துட்டு ரெண்டு இஞ்சுக்கு ஒரு கொத்து போட்டுக்கிட்டே வரணும், வழவழன்னு இருந்தா புதுப் பூச்சு பிடிக்காது. மெஷின் வாடகைக்குக் கிடைக்கும், ஆனா அதோட அதிர்ச்சில நல்லா இருக்கிற பூச்சும் விட்டுரும்னு அண்ணாச்சி வேண்டாம்னுட்டார். நாலு நாள் ஆச்சு. அப்போ ப்ளஸ் ஒன் படிச்சிட்டு இருந்த என் மகன் அள்ளி அள்ளி சாக்குல கட்டினான். ரெண்டு பேரும் என்95 மாஸ்க்கும் கண்ணாடியும் போட்டுக்கிட்டோம், தரைய நனைச்சு நனைச்சு கொத்தினோம், ஏன்னா சிமெண்ட் தரைய கொத்தும்போது வர்ற தூசில சிலிக்கா இருக்கு, அது நுரையீரல்ல போய் தங்கினா திரும்ப வெளிய வராது. வாழ்நாள் பூரா இந்தத் தூசியிலயே வேலை பாக்குற சித்தாள் பெண்களுக்கு யாரும் ஒரு மாஸ்க் வாங்கிக் குடுக்கிறதில்லைங்கிறத நெனச்சுக்கிட்டேதான் அந்த நாலு நாளும் கொத்தினேன்.

வாட்டம், அதாவது தண்ணி ஓடுறதுக்கான சரிவு பத்தி கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா அம்மா விழுந்ததுக்கு மூல காரணமே அதுதான், தண்ணி நின்னதாலதான் பாசி. வெளித் தரைக்கு அடிக்கு கால் இஞ்ச் வாட்டம் வேணும். எங்களுக்கு 11 அடி, அப்போ ரெண்டே முக்கால் இஞ்ச். தண்ணி டியூப் வச்சு அளந்ததுல பழைய தரைல இருந்தது ஒண்ணேகால் இஞ்ச் தான். தண்ணி டியூப்னா வேற ஒண்ணுமில்ல, நிறமில்லாத பிளாஸ்டிக் குழாய்ல காத்துக் குமிழ் இல்லாம தண்ணி நிரப்பி ரெண்டு முனையயும் தூக்கிப் பிடிச்சா ரெண்டு பக்கமும் தண்ணி ஒரே மட்டத்துல நிக்கும், மகன் அந்த மூலைல பிடிக்க நான் இந்த மூலைல பிடிச்சு சுவர்ல பென்சில் கோடு போட்டோம். அங்கணத்துப் பக்கம் பழைய பூச்ச எடுத்துட்டதால அங்க ஒரு இஞ்ச் புதுசா போட்டா பழைய மட்டமே வரும், தண்ணி போற ஓட்டை அடைபடாது, சுவர்ப் பக்கம் இருக்கிறது மேல ஒன்றரை இஞ்ச் போட்டா கணக்கு சரியா ரெண்டே முக்கால். வாசப்படி அஞ்சு இஞ்ச் ஒசரம் இருந்ததால ஒன்றரை இஞ்ச் ஏத்துறதுல பிரச்சனை இல்ல. உங்க வீட்ல படி தாழ்வா இருந்தா மொதல்ல இத அளந்துட்டு அப்புறம் உளியத் தொடுங்க.

வெடிப்புல ரெண்டு சும்மா மயிர் வெடிப்பு, அதுல ஒண்ணும் செய்யல, பூச்சுக்குள்ள போயிரும். மூணாவது நடுவுல நீளமா போறது, பென்சில் நுனி உள்ள போற அளவு. அது அசையுற வெடிப்பு, வெயிலுக்கு விரியும் ராத்திரி சுருங்கும், அது மேல எவ்வளவு கெட்டியா பூசினாலும் அதே கோட்டுல திரும்ப வெடிக்கும். அதனால அந்தக் கோட்டையே ஒரு ஜாயின்ட்டா வச்சுக்கிட்டேன். மொத்தத் தரையும் ஆறு கட்டமா பிரிச்சு, ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட அஞ்சரைக்கு நாலே முக்கால் அடி, நடுக்கோடு அந்த வெடிப்பு மேலயே வர்ற மாதிரி ரீப்பர் கட்டை (ஒல்லியான மரச்சட்டம்) வச்சேன். சதுரங்கப் பலகைல கருப்பு கட்டம் மாதிரி மொத நாள் மூணு, அடுத்த ஞாயித்துக்கிழமை மிச்சம் மூணு. இடைவெளில கடைசியா பியூ சீலண்ட் அடைச்சாச்சு, அது ரப்பர் மாதிரி இழுபடும்.

சாமான் கணக்கு: சிமெண்ட் 5 மூட்டை, எம் சாண்ட் (கல்ல ஒடைச்சு செய்யுற மணல்) 17 கன அடி, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூணு பங்கு மணல். பூச்சுக்கு விக்கிற பி சாண்ட் வாங்காதீங்க, ரொம்ப நைஸா இருக்கும், தரைக்குப் போட்டா சுருங்கி வெடிப்பு விடும். முந்தின நாள் ராத்திரியே தரைய நல்லா நனைச்சு வச்சுட்டேன். அண்ணாச்சி சொன்னது, "தரைக்கு தாகம் அடங்கியிருக்கணும், ஆனா மேல சொட்டுத் தண்ணி நிக்கப்பிடாது." காஞ்ச தரை புதுப் பூச்சுல உள்ள தண்ணிய உறிஞ்சிரும், நின்ன தண்ணி ஒட்ட விடாது. காலைல ஆறு மணிக்கு ஆரம்பிச்சோம், தண்ணில கரைச்ச சிமெண்ட் பால்ல எஸ்பிஆர் லேடெக்ஸ்ங்கிற ஒட்டுப் பால கலந்து, அந்தந்தக் கட்டத்துக்கு மட்டும் பழைய விளக்குமாறால அழுத்தித் தேச்சு, அது காயுறதுக்குள்ள கலவைய கொட்டணும், பால் காஞ்சுட்டா அதுவே ஒட்டாத படலம் ஆயிரும்.

கலவை பதம்தான் எல்லாமே. கைல எடுத்துப் பிடிச்சா கொழுக்கட்டை பிடிச்ச மாதிரி நிக்கணும், விரல் இடுக்குல தண்ணி வழியக் கூடாது. மொத கட்டம் அப்படியே வந்துச்சு. ரெண்டாவது கட்டத்துக்கு கலவை இழுக்க கஷ்டமா இருக்குன்னு நான் அரை வாளி தண்ணி கூட ஊத்திட்டேன், ஊத்தினதும் நெய் மாதிரி பரவுச்சு, சந்தோஷமா மட்டக்கட்டை போட்டு இழுத்தேன், பத்து நிமிஷத்துல மேல தண்ணி கக்கிருச்சு. ஒரு கை சிமெண்ட அள்ளி மேல தூவி தேய்க்கப் போனேன், நாற்காலில இருந்த அண்ணாச்சி எந்திரிச்சே வந்துட்டார். "தூவாத தாயி, மேல சிமெண்ட் தோலு மாதிரி நிக்கும், அடில மாவா இருக்கும், ரெண்டு மழைக்கு உரிஞ்சு வரும். அந்தத் தண்ணி தானா போகட்டும், அதுவரைக்கும் தொடாத." முக்கால் மணி நேரம் காத்திருந்தோம், தண்ணி போய் மினுமினுப்பு அடங்கின பிறகுதான் மணியாஸ் பலகை, அதாவது தேய்க்கிற மரப்பலகை போட்டேன். இன்னைக்கும் அந்தக் கட்டத்துல நகத்தால கீறினா லேசா வெள்ளைத் தூள் வருது, மத்த அஞ்சுல வரல. அரை வாளி தண்ணி செஞ்ச வித்தியாசம் அது. கை உறை போட மறக்காதீங்க, சிமெண்ட் கலவை கடுமையான காரம், ஈரத்தோட ரொம்ப நேரம் தோல்ல இருந்தா வெந்துபோகும்.

பினிஷிங்ல அம்மாவுக்கும் எனக்கும் கொஞ்சம் வாக்குவாதம். வீட்டுக்குள்ள இருக்கிற மாதிரியே சிவப்பு ரெட் ஆக்சைடு போட்டு வழவழன்னு வேணும்னா. அந்தத் தரையோட அழகு எனக்கும் தெரியும், தேங்காய் எண்ணெய் தேச்சுத் தேச்சு முகம் தெரியுற அளவுக்கு அம்மாதான் வச்சிருக்கா, ஆனா வெளில தண்ணி பொழங்குற இடத்துல வழவழப்புங்கிறது திரும்ப ஒரு விழுகைதான். கடைசில சுவரோரமா ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் சிவப்புக் கரை போட்டுக் குடுத்தேன், மத்தது எல்லாம் சொரசொரப்பு. அந்த சொரசொரப்புக்கு கடைல ஒண்ணும் வாங்க வேண்டாம், தென்னை ஈர்க்கு வாரியல் போதும். மணியாஸ் போட்டு முடிச்சு, விரல் வச்சு அழுத்தினா தடம் மட்டும் விழுந்து கலவை ஒட்டாத பதம் வரும்போது, வாரியல தண்ணில முக்கி நல்லா உதறிட்டு, ஒவ்வொரு கட்டத்துலயும் சுவர்ப் பக்கத்துல இருந்து அங்கணத்துப் பக்கமா எடுக்காம நிறுத்தாம ஒரே இழுப்பா இழுக்கணும். புது வாரியல் ரொம்ப ஆழமா கீறுது, பாதி தேஞ்சதுதான் சரி. பலகை மேல ரெண்டு மூணு தடவை இழுத்துப் பழகிட்டு தரைல இழுத்தேன். கோலப்பொடி இழை மாதிரி நெருக்கமா கோடு கோடா விழுந்துச்சு, எல்லாம் தண்ணி ஓடுற திசையில. ஈரத்தோட காலை வச்சா பாதத்துல அந்தக் கோடு தட்டுப்படும், ஆனா குத்தாது.

ரெண்டு நாள் வேலை முடிஞ்சதும் எல்லாம் ஆச்சுன்னு நெனைக்காதீங்க, தண்ணி காட்டுறதுதான் தரைக்கு உயிர். மறுநாள் காலைலயே சுத்தி களிமண்ணால பாத்தி கட்டி ஒரு விரக்கடை தண்ணி நிறுத்தினேன், பதினாலு நாள். இப்போ கடைல கிடைக்கிறது பெரும்பாலும் சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட், அது மெதுவாதான் இறுகும், ஏழு நாள்ல நிறுத்திட்டா பத்தாது. முழு பலத்துக்கு 28 நாள் கணக்கு. அந்த ரெண்டு வாரமும் அம்மா துணிய பக்கத்து வீட்டுக் கல்லுல துவைச்சா. காலைல எந்திரிச்சதும் மொத வேலையா போய் தண்ணி வத்திருக்கான்னு பாப்பா, என்னைய எழுப்ப மாட்டா, வாளி தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்ததால சொம்புல மோந்து மோந்து ஊத்துவா. மைனாவும் தவிட்டுக் குருவியும் வந்து அதுல குளிக்கும்.

மாசி கடைசில, நல்லா காஞ்ச பிறகு, தரை தண்ணிய உறிஞ்சாம இருக்க சீலர் அடிச்சேன். பளபளன்னு படலம் நிக்கிற வகை வேண்டாம், ஈரம் பட்டா வழுக்கும், வெயிலுக்கு உரியும். தரைக்குள்ள ஊறி இறங்குற சிலேன் சிலாக்சேன் வகைன்னு கேட்டு வாங்குங்க. அடிச்ச பிறகு தரை பாக்க அடிக்காத மாதிரியேதான் இருக்கும், தண்ணி தெளிச்சாதான் தெரியும், சேப்பங்கிழங்கு இலைல மாதிரி உருண்டு ஓடும்.

சித்திரைல கோடை மழை வந்துச்சு, சாயங்காலம் நாலு மணிக்கு இடியோட ஒரு அரை மணி நேரம். நானும் அம்மாவும் வாசப்படில நின்னு பாத்துட்டே இருந்தோம், தண்ணி கோட்டுக் கோட்டுக்குள்ள இறங்கி அங்கணத்துக்கு ஓடுது. மழை விட்டதும் நான் தடுக்கிறதுக்குள்ள அம்மா செருப்பு இல்லாம இறங்கி துளசி மாடம் வரைக்கும் நடந்து போய்ட்டு வந்தா, கைல ஒண்ணும் பிடிக்கல. அந்த ரெண்டாவது கட்டத்து ஓரமா ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு மட்டும் தண்ணி நிக்குது. அம்மா அத கால் பெருவிரலால தள்ளிவிட்டுட்டு, "இத மட்டும் அடுத்த லீவுல பாத்துக்கிடலாம்ட்டி"ன்னா. சாக்பீஸால வட்டம் போட்டு வச்சிருக்கேன்.